சரிபார்த்தவரின் சுருக்கொப்பம்

அந்த நாலு வருடத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தூக்கம்தான். படித்த பாடமும் இல்லை, அணிவகுப்பும் இல்லை, வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலாளியும் இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தூங்கியிருக்கிறேன். விரிவுரையில் பேனையைத் தாளில் ஊன்றியபடி தூங்கியிருக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டு தூங்கப் பழகியது அங்கேதான், அதில் எனக்குப் பட்டமே தந்திருக்கலாம்.

இராணுவக் கல்லூரியில் இரசாயனப் பொறியியல் படித்தவள் என்று சொன்னால் ஆட்கள் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்ப்பார்கள். வெள்ளவத்தைத் தமிழ்ப் பெட்டைக்கு அங்கே என்ன வேலை என்பது அந்தப் பார்வையின் பொருள். எனக்கும் அதேதான் தோன்றும். உயர்தரப் பரீட்சையில் எடுத்த புள்ளிக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் ஒரு மயிரிழையில் தவறிப்போனது. இந்தக் கல்லூரி இராணுவ அதிகாரிகளாகப் பயிலும் கடேற்மாரோடு சேர்த்து வெளியாட்களையும் பகல்நேர மாணவர்களாக எடுத்தது. அம்மா விண்ணப்பத்தை நிரப்பினார், நான் கையெழுத்து வைத்தேன். அதற்குமேல் அதில் இலட்சியம் ஒன்றும் கிடையாது.

அப்பா இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், நானும் அம்மாவும் இருந்தோம். காலையில் ஒரே வாசலால் வெளியே வந்து அம்மா வடக்கே போவார், நான் தெற்கே போவேன். அம்மா கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். காலி வீதியின் அந்தப் பக்கம் நின்று அவர் கோட்டைக்குப் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டும்போது, இந்தப் பக்கம் நின்று நான் என்னுடைய பஸ்ஸுக்குக் கை காட்டுவேன். யாருடைய பஸ் முதலில் வருகிறதோ அவர் மற்றவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஏறிப்போவார். மாலையில் திரும்பி வந்தால் இரண்டு பேருக்கும் கதைக்கத் தெம்பு இருக்காது. பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுப் படுப்போம்.

அயலட்டையில் யாராவது கேட்டால் அம்மா, "மகள் கம்பஸ் போறா" என்று மட்டும் சொல்வார். எந்தக் கம்பஸ் என்று கேட்பவர்களிடம் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்.

கல்லூரியில் எங்களுக்கும் சட்டதிட்டம் இருந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, தலைமயிரை வலைக்குள் போட்டு இறுக்கிய கொண்டை. அணிவகுப்பு மைதானத்தைக் குறுக்கே கடக்கக்கூடாது. கன்டீன் அந்தப் பக்கம் கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும். நேரத்தைப் பதினான்கு மணி, பதினைந்து மணி என்றுதான் எழுத வேண்டும். ஆனாலும் கடேற்மாரோடு ஒப்பிட்டால் நாங்கள் விருந்தாளிகள். அவர்கள் விடிய முன்னர் எழும்பி ஓடிவிட்டு, சப்பாத்து மினுக்கிவிட்டு, மைதானத்தில் காலடித்துவிட்டு, அதற்குப் பிறகு வந்து எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெப்ப இயக்கவியல் படித்தார்கள். படித்தார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

ஆய்வுகூடத்தில் ஒரு கடேற்றும் ஒரு பகல்நேர மாணவரும் சோடியாக வேலை செய்ய வேண்டும் என்பது ஒழுங்கு. எனக்குக் கிடைத்தவன் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெடியன். நெடுவல், தோள் அகலம், சிரித்தால் பல்லெல்லாம் தெரியும். அவனுடைய ஊரிலிருந்து இராணுவ அதிகாரியாகப் போகிற முதல் ஆள் அவன்தான். ஊரில் ஏற்கெனவே அவனை "லெப்டினன் மாத்தயா", லெப்டினன் ஐயா, என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்களாம். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாலும் அதை அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் என்னோடு சிங்களத்தில் கதைப்பான், நானும் சிங்களத்தில் பதில் சொல்வேன். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

கடைசி வருடம் எங்களுக்கு வடித்தல் பரிசோதனை. இரண்டு ஆள் உயரக் கண்ணாடிக் கோபுரம், அடியில் மதுசாரமும் தண்ணீரும் கலந்து கொதிக்கும், ஆவி மேலே போகும், உச்சியில் குழாயில் ஓடும் தண்ணீர் அந்த ஆவியைக் குளிரவைத்துத் திரும்பத் திரவமாக்கும். கோபுரம் ஒரு நிலைக்கு வர இரண்டு மணித்தியாலம் எடுக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பதினைந்து நிமிடமும் வெப்பநிலைகளையும் குளிர்நீரின் ஓட்டத்தையும் பார்த்துப் பதிவுத்தாளில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு பெட்டிகள். ஒன்றில் 'எடுத்தவர்', மற்றதில் 'சரிபார்த்தவர்'. ஒருவர் பார்த்ததை மற்றவரும் பார்த்துச் சுருக்கொப்பம் வைத்தால்தான் அந்த வரி செல்லும்.

அங்கேதான் எங்களுடைய வழக்கம் ஒன்று உருவாகியிருந்தது. எப்போது, யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. நாங்கள் வரும்போதே அது நடைமுறையில் இருந்தது. கோபுரத்தின் இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் வெறும் பீப்பா ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கடேற் அதில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்குவான். பகல்நேர மாணவர் அளவுகளை எடுத்து, தன் சுருக்கொப்பத்தையும் வைத்து, பக்கத்துப் பெட்டியில் அவனுடையதையும் வைப்பார். பதிலுக்கு அவன் இருபது லீற்றர் கலன்களைத் தூக்குவான், இறுகிப்போன திருகுகளைக் கழற்றுவான், தங்களுடைய சாப்பாட்டு மண்டபத்திலிருந்து இரண்டு கட்லட்டைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து தருவான். எல்லாச் சோடியும் இதைச் செய்தது. ஆய்வுகூட உதவியாளருக்கும் தெரியும், அவரும் பார்க்காததுபோல் இருப்பார்.

அவனுடைய சுருக்கொப்பம் இரண்டு எழுத்தும் கீழே ஒரு கோடும். முதல் மாதத்திலேயே பழகிவிட்டேன். "நீ போடுவதுதான் நேராக இருக்கிறது. என்னுடையதைப் பார்த்தால் நானே நம்பமாட்டேன்" என்று அவன் என்னைச் சீண்டுவான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவன் கொமிஷன் வாங்கி அதிகாரியாவதற்கு ஏழு வாரம் இருந்தபோது அது நடந்தது. ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு. கோபுரம் நிலைக்கு வந்திருந்தது, அவன் பீப்பாவில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தான். சார்ஜன் ஒருவர் வாசலில் வந்து நின்று அவனுடைய இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்டார். காலையில் இடுப்புப் பட்டியின் பித்தளை மினுங்கவில்லையாம், தண்டனை டிரில், பதினான்கு மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். அவன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தான்.

"இன்றைக்கு என்னுடைய பெட்டியை வெறுமையாக விட்டுவிடு. நான் மைதானத்தில் நிற்பதை அங்கே எழுதி வைப்பார்கள். வந்து உதவியாளரிடம் சொல்லிக்கொள்ளலாம்."

நான் தலையை ஆட்டினேன். நன்றாக விளங்கித்தான் ஆட்டினேன்.

பதினான்கு மணிக்கு அளவு எடுத்தேன், என் சுருக்கொப்பத்தை வைத்தேன், அவனுடையதையும் வைத்தேன். பதினான்கு பதினைந்துக்கும் அப்படியே. பதினான்கு முப்பதுக்கும் அப்படியே. அவன் சொன்னதை நான் மறக்கவில்லை, அதுதான் வேடிக்கை. யாராவது அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அவனுடைய பெட்டி வெறுமையாக இருக்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன். கை தன் பாட்டில் போட்டுக்கொண்டு போனது. வெளியில் அவனும் இன்னும் மூன்று பேரும் வெயிலில் காலடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பதினான்கு நாற்பத்தைந்துக்குக் குளிர்நீரின் ஓட்டத்தை நான் பார்க்கவில்லை. முந்தின வரியில் இருந்த இலக்கத்தையே கீழே எழுதி, இரண்டு சுருக்கொப்பத்தையும் வைத்தேன். முன்னும் அப்படிச் செய்ததுண்டு, அது ஒருநாளும் மாறியதில்லை. அன்றைக்கு மாறியிருந்தது. அடுத்த நாள் யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று வாகனங்களையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தார்கள், மேல் தண்ணீர்த் தாங்கி வற்றிப்போய்விட்டது. குளிரவைக்கத் தண்ணீர் இல்லாமல் மதுசார ஆவி உச்சிக் குழாயால் வெளியே வரத் தொடங்கியது. அந்த வாடையிலேயே நின்று பழகிய எனக்கு மணக்கவில்லை. உதவியாளர்தான் அடுத்த அறையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து சூடாக்கியை நிறுத்தினார், ஜன்னல்களை அடித்துத் திறந்தார். ஒரு பொறி பட்டிருந்தால் நானும் இல்லை, அந்தக் கட்டடமும் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதிவுத்தாளைக் கல்லூரி அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் காலை வாசலில் காவலாளி என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினான். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு விசாரணை, அதுவரை உள்ளே வர அனுமதி இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் முழுவதும் உறைத்தது. பதினான்கு மணியிலிருந்து பதினான்கு நாற்பத்தைந்து வரை அவன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நின்றிருக்கிறான். மைதானத்துப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது. பதிவுத்தாளில் அவனுடைய சுருக்கொப்பம் இருக்கிறது. அதுவும் தண்ணீர் வற்றிய பிறகு, தண்ணீர் ஓடுகிறது என்று சாட்சி சொல்லும் வரியில்.

இரண்டே வழிதான் இருந்தது. அவன் கேட்டுத்தான் நான் போட்டேன் என்றால் அவன் பொய்ப் பதிவு செய்வித்த கடேற் ஆவான். அவர்களுடைய சட்டத்தில் அதற்கு மன்னிப்பு இல்லை, பெயரை வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் கேட்கவில்லை, நானாகப் போட்டேன் என்றால் நான் இராணுவத்துக் கடேற் ஒருவனுடைய ஒப்பத்தைக் கள்ளமாகப் போட்டவள். என் படிப்பு போகும். இரண்டாவதுதான் உண்மை.

அவனோடு கதைக்க வழியில்லை. விசாரணை முடியும்வரை அவனுடைய போனை வாங்கி வைத்திருந்தார்கள். வீட்டில் தனியே இருக்கப் பிடிக்காமல் நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். துறைமுகத்துக்குப் போகிற லொறிகள் அடைத்துக்கொண்டு நின்றதில் கடைசித் துண்டு நடந்தேன். பாடசாலை விட்டு அம்மா வெளியே வந்தபோது என்னைக் கண்டு முகம் மாறியது. பக்கத்துச் சைவக் கடையில் உட்கார்ந்து வடையும் பிளேன்டீயும் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வடையைத் துண்டு துண்டாகப் பிய்த்து வைத்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"அந்தப் பெடியன் உன்னைப் போடச் சொன்னவனோ?"

"இல்லையம்மா. போடாதை எண்டுதான் சொன்னவன்."

"அதை நீ எழுதிக் குடுத்தால் உன்னை என்ன செய்வினம்?"

"தெரியாது. நிப்பாட்டுவினம். சில வேளை பொலிசுக்கும் குடுப்பினம்."

அம்மா வெளியே வீதியைப் பார்த்தார். அவர் இந்தப் பாடசாலைக்கு வரத் தொடங்கிய யுத்தகாலத்தில் வெள்ளவத்தையிலிருந்து வருவதற்குள் வழியில் நாலைந்து இடத்தில் பஸ்ஸை மறித்து இறக்குவார்களாம். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்க வேண்டும். சீருடை போட்டவன் ஏதாவது கேட்டால் விளக்கம் சொல்லக்கூடாது, ஓம் என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அந்த வரிசைகளில் நின்றிருக்கிறேன்.

"அங்க போய் நியாயம் கதைச்சுக்கொண்டு நிக்காதை பிள்ளை," என்றார் அம்மா. "அவை கேக்கிறதுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா. அவன் அவையின்ர ஆள். அவனை அவை பாப்பினம். உன்னை ஆர் பாக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப அவன் போகட்டும் எண்டு சொல்லுறியளோ?" என்று கேட்டேன். அம்மா என் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு சனி, ஞாயிறு முழுவதும் என்னை நல்லவளாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். வசனங்களைக்கூட ஆங்கிலத்தில் அடுக்கி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை என்னை விசாரித்தவர் ஒரு மேஜர். ஐம்பது வயதிருக்கும், காதோரம் நரை, மூக்குக் கண்ணாடி. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் எழுந்து நின்று கதிரையைக் காட்டினார், இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். மூலையில் ஒரு எழுதுவினைஞர் கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். மேஜர் பதிவுத்தாளை என் முன்னால் விரித்தார்.

"இது அவனுடைய கை இல்லை, அல்லவா? இவ்வளவு அழகாக அவனுக்கு எழுத வராது."

"இல்லை சேர்."

"உங்களுடைய கை?"

"என்னுடையது சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. அதுவரை ஆங்கிலத்தில் கேட்டவர் சிங்களத்துக்கு மாறினார். "துவ," என்றார், மகளே என்று. "பயப்பட வேண்டாம். நீங்கள் நல்ல இடத்துப் பிள்ளை, இப்படியான வேலையை நீங்களாகச் செய்ய மாட்டீர்கள். அவன்தானே போடச் சொன்னான்?"

"ஓவ், சேர்," என்றேன்.

ஓம் என்பதற்குச் சிங்களம் அவ்வளவுதான். நான் அடுக்கி வைத்திருந்த ஆங்கில வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. எழுதுவினைஞர் தட்டினார். அச்சடித்த தாளை மேஜர் என்னிடம் தந்து, ஆறுதலாக வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கும்படி சொல்லி வெளியே போனார். பத்து நிமிடம் நான் அந்தத் தாளோடு இருந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடேற் கேட்டுக்கொண்டதன் பேரிலேயே ஒப்பமிட்டேன் என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

வாய் தவறி வந்த ஒரு சொல்லுக்கு ஆயிரம் சாட்டுச் சொல்லலாம், அம்மாவில் போடலாம், பழைய காலத்தில் போடலாம். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சாட்டு இல்லை. பயம் என்று சொன்னால் கேட்பவர்கள் பாதியை மன்னித்துவிடுவார்கள், நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது பயம் இல்லை. எனக்குக் களைப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் திரும்ப வருவார், முகம் மாறும், இன்னும் நூறு கேள்வி கேட்பார், வேறு யாரையாவது கூப்பிடுவார், நாளைக்கும் வர வேண்டும், நாளன்றைக்கும் வர வேண்டும். கையெழுத்து வைத்தால் பத்தரை பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். நான் கையெழுத்து வைத்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன், அதுதான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்து பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். அவனுடைய பெயர் இரண்டு வாரத்தில் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டது. அவன் போன நாள் நான் நூலகத்தில் இருந்தேன். ஜன்னலால் வாசல் தெரியும். அவன் சாதாரண நீளக் காற்சட்டையும் சேட்டும் போட்டிருந்தான், பக்கத்தில் அவனுடைய அப்பா. இரும்புப் பெட்டியின் ஒரு கைப்பிடியை மகன் பிடிக்க, மற்றதை அப்பா பிடித்துக்கொண்டு, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்பாவுக்கு உயரம் காணாது, பெட்டி அவர் பக்கம் சரிந்தபடியே போனது. எழுந்து கீழே ஓடினால் வாசலில் பிடித்திருக்கலாம். நான் எழும்பவில்லை.

பட்டமளிப்புக்கு அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். படம் எடுத்தோம். கொட்டாஞ்சேனைச் சைவக் கடையில் கதைத்ததைப் பற்றி அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருநாளும் கதைக்கவில்லை. எனக்கு ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இப்போது காலையில் நானும் வடக்கே போகிற பஸ்ஸில்தான் ஏறுகிறேன், அம்மாவோடு சேர்ந்து.

மூன்று வருடம் கழித்து, போன மழைக்காலத்தில், எங்கள் மாடிக்குக் கலங்கல் தண்ணீர் வரத் தொடங்கியது. வேலைத்தலத்தில் ஒருத்தி நுகேகொடையில் நல்ல வடிகட்டிகள் விற்கும் கடை இருக்கிறது என்றாள். சனிக்கிழமை போனேன். கடைக்குள்ளே ஒருவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வயதான தம்பதி ஒன்றுக்கு மென்சவ்வு தண்ணீரை எப்படி வடிக்கிறது என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். தேவைக்கு மேலேயே விளங்கப்படுத்தினான், அமுக்கம், செறிவு என்றெல்லாம். தோளைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைக்கும்போது அவன் திரும்பிவிட்டான்.

"அடே மச்சாங்!" என்றான். பல்லெல்லாம் தெரிந்தது. கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான்.

எனக்குக் கதிரை போட்டான், அடுத்த கடையிலிருந்து நெஸ்கபே எடுப்பித்தான், அம்மாவைச் சுகம் விசாரித்தான். கலியாணம் முடித்துவிட்டானாம், பெண் குழந்தை ஒன்றாம். நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் தண்ணீரைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தேன். அவனே எடுத்தான்.

"உன்னிடம் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறேன்."

"எனக்கா?"

"என்னுடைய வாக்குமூலத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே எடுத்துவிட்டார்கள். நான்தான் உன்னைப் போடச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய? நீயாகப் போட்டாய் என்றால் உன்னைச் சும்மா விடுவார்களா? எனக்கு வேலை போகும், உன்னிடம் என்னென்ன எல்லாம் கேட்பார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை, இராணுவ இடத்தில், கடேற்றின் கையெழுத்து." அவன் கையை விரித்தான். "ஆனால் அன்றைக்கு எனக்குப் பயம். நீ போய் உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று. இரண்டும் பொருந்தாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து போயிருப்போம். திங்கட்கிழமை மத்தியானம் மேஜர் கூப்பிட்டு, அந்தப் பிள்ளையும் அதையேதான் சொல்லியிருக்கிறது என்றார். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஒரு சொல் கதைக்காமல் நீ விளங்கிக்கொண்டாய். வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். அப்பா ஏசுவார், அம்மா அழுவார். வேலை போனால் போகட்டும், அப்படி ஒரு சிநேகிதி இருந்தாள் என்று சொல்லுவேன்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நெஸ்கபேயைக் குடித்துவிட்டு, வடிகட்டிக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவன் அப்படிச் சிரித்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது," என்றேன்.

"என்ன?"

"நான் கையெழுத்து வைக்கும்போது நீ சொன்னது எனக்குத் தெரியாது. நீ போடாதே என்று சொன்னாய், அது மட்டும்தான் தெரியும். அவர் கேட்டார், நான் ஓம் என்றேன்."

கடைக்குள் வடிகட்டி ஒன்றிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பயந்துவிட்டாயா?" என்று கேட்டான். எனக்கு வழிவிட்டுத்தான் கேட்டான், அது எனக்குத் தெரிந்தது.

"இல்லை. களைப்பாக இருந்தது."

அவன் "ஹரி" என்றான். சரி என்று. எழுந்து போய்க் குழாயை இறுக்கிவிட்டு வந்து, எங்கள் மாடியின் இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை தானே வந்து பூட்டித் தருவதாகச் சொன்னான். குரல் மரியாதையாகத்தான் இருந்தது, கடைக்கு வருகிற எல்லாரோடும் கதைக்கிற குரல். வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். அவனுடைய வேலையை நான் எடுத்தேன், அதற்குப் பதிலாக அவன் தனக்கென்று ஒரு கதையைச் செய்து வைத்துக்கொண்டு அதைச் சொல்லி வாழ்ந்துகொண்டிருந்தான். என் மனப்பாரம் குறைய வேண்டும் என்று அதையும் எடுத்துவிட்டேன். பாரம் குறையவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை வடிகட்டியைப் பூட்ட வேறு ஆள் வந்தார். அம்மாவுக்கு நான் எல்லாம் சொல்லியிருந்தேன். தட்டில் பலகாரம் வைத்துக்கொண்டு வந்த அம்மா, அந்த ஆளையும் பார்த்து என்னையும் பார்த்தார்.

"அந்தப் பெடியன் வரேல்லையோ?"

"இல்லையம்மா," என்றேன். "வரமாட்டான்."